லிவரைப் பிடித்திருந்தவள்

முத்தாரம்மாளுக்கு அந்த லாரியை முதலிலிருந்தே பிடிக்கவில்லை. யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் கழித்துப்போட்ட வண்டி அது. சப்பை மூக்கு, உரிந்துபோன பச்சைப் பெயின்ட், ஆள் உயரத்துக்குச் சக்கரங்கள். அவள் புருஷன் பூதலிங்கம் அதைத் திருவனந்தபுரம் ஆரியசாலைச் சந்துக்குள் கொண்டுவந்து நிறுத்திய அன்று, வெல்ல மண்டிக்காரர்கள் வழி அடைபட்டுப்போயிற்று என்று கூச்சல் போட்டார்கள். அவள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "எருமையை அவுத்துக்கிட்டு வந்திருக்கியளாக்கும்" என்றாள்.

பூதலிங்கத்துக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. அஸ்ஸாம் மலைகளில் இதே வகை வண்டியைத்தான் அவன் யுத்தகாலம் முழுக்க ஓட்டினான். பின்சக்கரத்தோடு முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். வேறு எந்த லாரியும் போகாத சேற்றிலும் ஆற்றிலும் இது போகும். கல்லாற்றுக்கு மேலே பொன்முடிச் சரிவில் மூங்கில் வெட்டி இறக்கும் வேலை அவனுக்குக் கிடைத்தது இந்த வண்டியால்தான். மூங்கில் வெட்டும் காட்டுக் கூப்பில் ஆட்களை வைத்து வேலை வாங்குவது கோலப்பன். முத்தாரம்மாளின் தம்பி.

தம்பி என்று ஊர் சொல்லும். நாகர்கோவில் வடசேரியில் அவர்கள் அம்மா செத்தபோது அவன் நடக்கப் பழகிக்கொண்டிருந்தான். அவனுக்குச் சோறு பிசைந்து ஊட்டியது, சொறி வந்தபோது வேப்பிலை அரைத்துப் பூசியது, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது எல்லாம் அவள். கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக்கு வந்தபோதும் அவனைக் கையோடு கூட்டிக்கொண்டுதான் வந்தாள். அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், "எனக்க பிள்ளை காட்டுல மூங்கில் வெட்டுகான்" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள்.

யுத்தத்துக்குப் பிறகு வந்த இரண்டாவது இடவப்பாதி மழைக்காலம் அது. மழை பிடித்துக்கொண்டதிலிருந்து பூதலிங்கம் வீட்டில் சரியாகப் பேசுவதில்லை. ஒருநாள் அவனுக்குச் சோற்றுப் பாத்திரம் கொடுக்க வண்டியில் ஏறியவள், ஓட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டை லிவர் தேங்காய்நார்க் கயிற்றால் வரிந்து கட்டியிருப்பதைப் பார்த்தாள்.

"இது என்னத்துக்கு?"

"சும்மா."

"சும்மா யாராவது கட்டுவாளா? சொல்லுங்க."

அவன் சொன்னான். இந்த மாதிரி வண்டியில் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு பெட்டி உண்டு. டிரான்ஸ்பர் கேஸ் என்று பேர். இன்ஜினின் இழுப்பை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். மலையில் ஏற, இறங்க அதிலேயே தனியாக ஒரு லோ கியர். அந்தக் கியரின் பல் தேய்ந்து சரிந்துபோயிற்று. பேரிங்கும் போச்சு. பாரம் ஏறினால் லிவர் தானாகச் சாடி வெளியே வந்துவிடுகிறது.

"வந்தா என்ன?"

"இறக்கத்துல வந்தா இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தம் இல்லாம ஆயிரும். பின்னே பிரேக்கு மட்டுந்தான். ஓடையில எறங்கி ஏறினா பிரேக்கும் நனைஞ்சு போயிரும்."

முத்தாரம்மாள் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பெட்டியைப் பிரிச்சுச் செரியாக்காம இனி மலைக்குப் போகாண்டாம். எனக்க தம்பியும் இந்த வண்டியிலதான் வாறான்."

"ஸ்பேர் எங்கேயும் இல்லை முத்தாரம். கொல்லத்துல சொல்லி வச்சிருக்கு."

"இல்லைண்ணா வண்டி இங்கேயே நிக்கட்டும்."

அவள் அப்படி ஒரே பிடியாக நின்றதால்தான் அந்தச் சனிக்கிழமை அவன் வண்டிக்கு அடியில் படுத்துப் பெட்டியை இறக்கினான். கோலப்பன் அதற்குள் மலைக்குப் போயிருந்தான். வண்டி தயாராகி வரும்போது பாரம் அடுக்கி வைத்திருக்க வேண்டும் என்று, மழைக்குப் பயந்து ஓடிவிட்ட ஆட்களை விட்டு, மிஞ்சிய இரண்டு பேரோடு போனான். போகும்போது, "அத்தான் பெட்டியைப் பிரிச்சா ஒரு மாசம் ஆக்கும். நீ நின்னு வேலை வாங்குக்கா" என்று சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக் கொட்டகைக்குள் பழைய சாக்கின் மேல் பெட்டியின் உறுப்புகள் பரப்பிக் கிடந்தன. முத்தாரம்மாள் மண்ணெண்ணெயில் ஒவ்வொன்றாகக் கழுவிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் குட்டன் பிள்ளை வந்தார். கல்லாற்றங்கரையில் சாயாக்கடை வைத்திருப்பவர். வேட்டி முழங்கால் வரை சேறு. தலையில் போட்டிருந்த பாளைத் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மச்சி, கோலப்பனுக்கு ஆபத்து பற்றிப் போச்சு" என்றார். "இன்னலே சாயங்காலம் தடி உருண்டு காலிலே வீணு. எல்லு வெளியிலே தெரியுது."

அவர் சொன்னதிலிருந்து இவ்வளவு தெரிந்தது. நேற்றுச் சாயங்காலம் பாதையில் விழுந்து கிடந்த ஒரு மரத்தை நெம்பி ஒதுக்கும்போது அது உருண்டு கோலப்பனின் வலது காலின் மேல் ஏறி, எலும்பு ஒடிந்து வெளியே வந்துவிட்டது. கூட இருந்த இருவரும் அவனைப் பழைய எஸ்டேட் கொட்டகை ஒன்றில் கிடத்தினார்கள். ஒருவன் அவனோடு இருந்தான். மற்றவன் மலை இறங்கி, பெருகி ஓடிய கல்லாற்றைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீந்திக் கடந்து வந்து சொன்னான். அடிபட்ட ஆளைத் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்க முடியாது, சாதாரண லாரியும் இறங்காது. குட்டன் பிள்ளை விதுரை வரை நடந்து, முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார்.

"நிங்ஙள்டெ வண்டி வந்தால் ஆற்றைக் கடக்கான் ஒக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் கொட்டகைக்குள் பார்த்தார். சாக்கின் மேல் கிடந்ததைப் பார்த்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

முத்தாரம்மாள் கையில் ஒரு பற்சக்கரம் இருந்தது. அதைக் கீழே வைத்தாள். நேற்று அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் வண்டி இந்நேரம் கிளம்பியிருக்கும். கயிறு கட்டிய லிவரோடாவது போயிருக்கும். அவள் எழுந்து சந்து வழியாகச் சாலைக் கடைத்தெருவுக்கு ஓடினாள். அங்கே ஒரு மர வியாபாரியிடம் இதே வகை வண்டி இன்னொன்று உண்டு. அது கொல்லத்துக்குப் போயிருந்தது, வர இரண்டு நாளாகும் என்றார்கள். திரும்பி வந்து புருஷன் எதிரில் நின்றாள்.

"எனக்குத் தெரியாது. இதைச் சேருங்க. இப்பமே சேருங்க."

பூதலிங்கம் குந்தி உட்கார்ந்து உறுப்புகளைப் பார்த்தான். லோ கியரின் பற்கள் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து சாய்ந்திருந்தன. திருப்பிப் போட்டால் நல்ல பக்கம் வருமா என்று தண்டில் மாட்டிப் பார்த்தான். மாட்டவில்லை. கியரை நகர்த்துகிற கவை தேய்ந்து தகடு மாதிரி ஆகியிருந்தது. தண்டு முன்னும் பின்னும் ஆடாமல் தடுக்கிற வாஷர் இருந்த இடத்தில் ஒரு வளையம்போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. கியர், கவை, வாஷர் மூன்றையும் துண்டில் முடிந்துகொண்டு எழுந்தான். "பட்டாபி சாமியைப் பாப்போம்."

பட்டாபி கரமனைக்காரர். தம்பானூரில் ஒரு லேத் பட்டறை வைத்திருந்தார். வீட்டில் ஸ்நானம் பண்ணிக்கொண்டிருந்தவரைப் பாதியில் இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

"பணம் காசுக்காகச் சொல்லலை பூதலிங்கம், கரண்ட் இல்லையே ஓய்!" என்றார் பட்டறையைத் திறந்துகொண்டே. "ராத்திரி அடிச்ச காத்துல மரம் விழுந்து கம்பியெல்லாம் அறுந்து கிடக்கு. லேத்தை எதை வச்சுச் சுத்தறது?"

"கையால சுத்துவோம்" என்றாள் முத்தாரம்மாள்.

பட்டாபி அவளைப் பார்த்தார். ஆரியசாலையிலிருந்து தம்பானூர் வரை அவிழ்ந்த கொண்டையோடு மழையில் நடந்து வந்திருக்கிறாள். அவர் மோட்டாரிலிருந்து பெல்ட்டைக் கழற்றினார்.

உடைந்த பம்பு ஒன்றிலிருந்து எடுத்துப்போட்டிருந்த கன்மெட்டல் என்கிற வெண்கலத் துண்டை அவர் லேத்தில் பிடித்தார். முத்தாரம்மாளும் குட்டன் பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் நின்று பெல்ட்டை இழுத்தார்கள். நிறுத்தாமல் இழுக்க வேண்டும். ஒரு கணம் தளர்ந்தால் வெட்டுகிற உளி கடித்து நின்றுவிடும். நின்றபோதெல்லாம் பட்டாபி, "இழுங்கோம்மா, இழுங்கோ" என்றார். அவள் இழுத்தாள். சில நேரம் தம்பி பேரைச் சொல்லி அழுதுகொண்டே இழுத்தாள். வாஷர் ஒருவழியாக உருண்டு வந்தது. தேய்ந்த கவைக்கு உலையில் பித்தளை உருக்கி ஊற்றித் தடிப்பேற்றினார்கள். கியரின் சாய்ந்த பற்களைச் சாணைக் கல்லில் வைத்துப் பூதலிங்கம் ஒவ்வொன்றாக நேராக்கினான். பேரிங்குக்கு மட்டும் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"இது நிக்குமா?" என்று முத்தாரம்மாள் கேட்டாள்.

பட்டாபி கியரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "பல்லோட கனம் பாதிதான் இருக்கு. பேரிங் ஆடறவரைக்கும் லோ கியர் வெளியில வரத்தான் பார்க்கும். முன்ன மாதிரி உடனே வராது. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்மா."

கொட்டகைக்குத் திரும்பிப் பெட்டியைச் சேர்த்தார்கள். மூடிக்கு நடுவில் வைக்க அட்டையை அவள் கத்தரித்துக் கொடுத்தாள். எண்ணெய் கசியாமலிருக்கச் சோப்பைக் குழைத்துப் பூசினாள். கியர் எண்ணெய்க்கு எங்கே போவது? ஞாயிற்றுக்கிழமையென்று பூட்டியிருந்த செக்குக்காரர் வீட்டைத் தட்டி ஆமணக்கெண்ணெய் வாங்கி வந்தாள். பெட்டியை வண்டிக்கு அடியில் ஏற்றும்போது குட்டன் பிள்ளையும் பக்கத்து மண்டியில் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களும் முதுகு கொடுத்துத் தாங்கினார்கள். மதியம் தாண்டுவதற்குள் இன்ஜின் உறுமியது.

"மலையில குட்டன் பிள்ளை அண்ணாச்சி வண்டிக்கு முன்னால நடந்து பாதையைப் பாத்துச் சொல்லணும்" என்றான் பூதலிங்கம். "ரெண்டு கையும் எனக்கு ஸ்டியரிங்குல வேணும். லிவரைப் பிடிச்சுக்கிட ஒரு ஆள் வேணும். சுமட்டுக்காரன்ல ஒருத்தனைக் கூப்பிடுகேன்."

அவள் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தாள். "கயிறு கட்டுனா?"

"கயிறு விட்டுக் குடுக்கும்."

"பின்னே நான் பிடிக்கேன். நான் விட மாட்டேன்."

நெடுமங்காடு, விதுரை வழியாகக் கல்லாறு போய்ச் சேரும்வரை மழை விடவில்லை. ஆற்றில் வெள்ளம் மரவேர்களையும் பாறைகளையும் புரட்டிக்கொண்டு ஓடியது. நீந்தி வந்து சொன்ன கூப்புக்காரன் கரையில் காத்துக்கொண்டிருந்தான். அவனும் ஏறிக்கொண்டான். பூதலிங்கம் லோ கியரைப் போட்டு, "பிடி" என்றான். அவள் தரையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் இன்ஜின் மூடியில் உதைத்து, லிவரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். வெள்ளம் வண்டிக்குள்ளே வந்தது. அவள் மடியில் ஏறிற்று. நடு ஆற்றில் வண்டி ஒரு பக்கமாக நகர்ந்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு சக்கரங்கள் கல்லைக் கவ்வின. அக்கரை ஏறினார்கள்.

எஸ்டேட் கொட்டகையில் கோலப்பன் ஈரச் சாக்கின் மேல் கிடந்தான். முகம் சாம்பலாக இருந்தது. காலை மூங்கில் சிம்பு வைத்து வேட்டியால் சுற்றியிருந்தார்கள். வேட்டி முழுக்கக் கறுத்துப்போயிருந்தது. அவளைப் பார்த்ததும் அவனுக்குக் கோபம்தான் வந்தது.

"நீ ஏன்க்கா வந்தே? இந்தப் பாதையில உன்னை யாரு வரச் சொன்னது?"

"வாயை மூடுல" என்றாள். குனிந்து அவன் தலையைத் தொட்டாள். கொதித்தது.

அவனைத் தூக்கி வண்டியில் வைக்கோல் மேல் கிடத்தும்போது அவன் போட்ட சத்தத்தில் குட்டன் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டார். சத்தம் அடங்கியதும் கோலப்பன் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"ஆசுபத்திரியில காலை வெட்டணும்ணு சொல்லுவான். நீ சம்மதிக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

"சரி மக்கா."

"சத்தியமா?"

"சத்தியம்" என்றாள். 

இறக்கம் ஏற்றத்தைவிட மோசமாக இருந்தது. வளைவுக்கு வளைவு ஓடை பாதையைக் குறுக்கே கடந்தது. ஒவ்வொன்றிலும் பிரேக் நனைந்து வழுக்கியது. வண்டியைப் பிடித்து வைத்திருந்தது அந்த லோ கியர் ஒன்றுதான். லிவர் அவள் கைக்குள் உயிருள்ளதுபோல நடுங்கிற்று, நெளிந்தது, வெளியே வரப் பார்த்தது. உள்ளங்கைத் தோல் வழன்று வழுக்கத் தொடங்கியதும் முந்தானையைச் சுற்றிக்கொண்டு பிடித்தாள். பின்னாலிருந்து தம்பியின் முனகல் கேட்டபடி இருந்தது. பெட்டியிலிருந்து வறுத்த ஆமணக்கு வாடை வந்தது.

நாலைந்து வளைவு தாண்டியிருப்பார்கள். அடியில் படீரென்று ஏதோ உடைந்தது. லிவர் அவள் பிடியைப் பிய்த்துக்கொண்டு பின்னால் தெறித்து அவள் முன்கையில் அடித்தது. வண்டி ஒரு கணம் பாரமே இல்லாததுபோலானது. பிறகு ஓடத் தொடங்கியது.

"போச்சு!" என்று பூதலிங்கம் கத்தினான்.

வலது பக்கம் பள்ளம். கீழே மரங்களின் உச்சிதான் தெரிந்தது. அவன் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்து வண்டியை மலைச் சுவரோடு உரசவிட்டான். மண்ணும் வேரும் கல்லும் உள்ளே வந்து விழுந்தன. இரும்பு கிழிந்தது. முன்னால் நடந்துகொண்டிருந்த குட்டன் பிள்ளை ஓடைக்குள் குதித்துத் தப்பினார். வண்டி ஒரு பாறையில் முட்டி நின்றது. மழைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. முனகலும் நின்றிருந்தது.

முத்தாரம்மாள் இறங்கிப் பின்பக்கம் ஓடினாள். "லேய் கோலப்பா!"

"சாகலக்கா" என்றான் அவன். பிறகு மெதுவாக அழ ஆரம்பித்தான். அவன் அழுது அவள் பார்த்தது சின்ன வயதுக்குப் பிறகு அப்போதுதான்.

பூதலிங்கம் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்தான். லோ கியரின் பற்கள் ஒடிந்து பெட்டிக்குள் உதிர்ந்துவிட்டன. ஹை கியர் மட்டும் பிடிக்கிறது. அதில் இந்த இறக்கத்தில் வண்டி நிற்காது. அவன் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "நடக்காது முத்தாரம். என்னால ஒக்காது. எல்லாரையும் கொன்னுருவேன்."

"எந்திரிங்க."

"கேக்கலியா நான் சொல்லது?"

"கேட்டுது. எந்திரிங்க. அஸ்ஸாமுல பிரேக்கு இல்லாத வண்டி எறங்கவே இல்லியா? ஒண்ணு செய்வியள்லா, அதைச் செய்யுங்க."

 அவன் எழுந்து கூப்புக்காரர்களிடம் கோடாலி கேட்டான். பாதையோரம் கிளைகளோடு நின்ற ஒரு மரத்தை வெட்டிச் சாய்த்தார்கள். அதைச் சங்கிலியால் வண்டியின் பின்னால் கட்டினார்கள். கிளைகள் மண்ணைக் கீறிக்கொண்டு இழுபட, அந்தப் பாரத்தில் வண்டி மாட்டு வண்டி வேகத்தில் இறங்கிற்று. மரம் இலகுவானபோதெல்லாம் கூப்புக்காரர்கள் அதன்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். ஆற்றங்கரையில் குட்டன் பிள்ளை கூவிய கூவலில் அக்கரையிலிருந்து ஆட்கள் வந்து வடம் எறிந்தார்கள். மழை சற்றுக் குறைந்து வெள்ளம் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. இன்ஜின் பாதியும் ஆட்கள் பாதியுமாக வண்டியைக் கரையேற்றினார்கள்.

திருவனந்தபுரம் பெரியாஸ்பத்திரிக்கு வரும்போது விளக்கு வைத்து வெகுநேரமாகியிருந்தது. டாக்டர் வேட்டியைப் பிரித்துப் பார்த்தார். பக்கத்து அறைக்கு இருவரையும் கூப்பிட்டு, "முட்டிக்கு மேலே எடுக்கணும். இல்லேன்னா நாளைக்கு ஆள் இருக்க மாட்டான்" என்றார்.

பூதலிங்கம் பெண்டாட்டியைப் பார்த்தான். வண்டியில் நடந்த சத்தியம் அவனுக்கும் கேட்டிருந்தது.

"எடுங்க" என்றாள் முத்தாரம்மாள்.

மறுநாள் கோலப்பனுக்கு நினைவு திரும்பியபோது அவள் கட்டிலருகே நின்றாள். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடப்பதை அவன் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான். திரும்பிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். அன்றுதான் அங்கிருந்த நர்ஸ் அவள் முன்கை வீங்கிக் கறுத்திருப்பதைக் கண்டு கேட்டாள். எலும்பு ஒடிந்திருந்தது. இத்தனை நேரம் சொல்லாமல் இருந்ததற்கு டாக்டர் சத்தம் போட்டார். கட்டுப் போட்டார்கள். கை கோணலாகத்தான் கூடிற்று.

பூதலிங்கம் அப்புறம் மலைக்குப் போகவில்லை. உடைந்த கியரை எடுத்துவிட்டு, ஹை கியரில் மட்டும் ஓடுகிறமாதிரி பெட்டியை அடைத்து, கோவளத்துப் பக்கமிருந்து சாலைக் கடைத்தெருவுக்குத் தேங்காய் ஏற்றினான். சமதரையில் அந்த வண்டி நன்றாகவே ஓடியது.

கோலப்பன் ஆரியசாலைக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வடசேரிக்குப் போனான். சித்தப்பா வீட்டுத் திண்ணையோரம் ஒரு வெற்றிலைக் கடை போட்டுக்கொண்டான். முத்தாரம்மாள் மாதம் தவறாமல் பஸ் ஏறிப் போவாள். கருவாட்டுக் குழம்பு வைப்பாள், அவன் துணிகளைத் துவைப்பாள், கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். அவள் போட்டதை அவன் சாப்பிடுவான். வாய் திறக்க மாட்டான். வெற்றிலை வாங்க வருகிறவர்களிடம் சிரித்துப் பேசுவான். அவள் பக்கம் திரும்பும்போது அந்தச் சிரிப்பு இருக்காது. "உயிரோட இருக்கான்லா" என்று வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொல்வாள். அதையே பல தடவை சொல்வாள்.

ஒன்றரை வருஷம் போயிருக்கும். தை மாதத்தில் ஒருநாள் அவள் அவனுக்கு இலை போட்டுச் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். இடது கையால் பாத்திரத்தைத் தாங்க முடியாமல் தொடையில் முட்டுக் கொடுத்தாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தக் கை இப்பமும் நோவுதா?"

அவள் கையில் கரண்டி நின்றுவிட்டது. "மழை வந்தா நோவும்" என்றாள்.

"எனக்கு இல்லாத கால் நோவுது. பெருவிரல் அரிக்கி. சொறியக் கை போகுது, அங்கே ஒண்ணும் இல்லை." அவன் சோற்றைப் பிசைந்தான். "அன்னைக்கு நீ சத்தியம் பண்ணாம இருந்திருக்கலாம்க்கா."

"பண்ணாட்டா நீ வண்டியில கிடந்து வந்திருக்க மாட்டே."

 அவன் இரண்டு வாய் சாப்பிட்டான். பிறகு இலையைப் பார்த்தபடியே, "நீயும் ஒரு இலையை எடுத்துப் போடு. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடக்கு" என்றான்.